குடிக்கூலி வீடும் குடியிருப்போர் உடைமையும்

பழவேற்காடு ஏரியின் மேலைக்கரைப் பக்கம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சுண்ணாம்புக்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பணியினின்று ஓய்வு பெற்றபின் நான் அவ்வூரில் ஒரு வீட்டில் குடிக்கூலிக்கு இருந்து வருகிறேன். ஆசிரியப் பணியில் பல ஊர் மாறினேன். ஊருக்கு ஒரு வீடாக ஒன்பது வீடுகளில் குடியிருந்தேன். அவற்றுள் ஒன்றேனும் என்னுடையதன்று. ஆகவே, குடியிருப்போரைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி இல்லாவிடினும் அனுபவத் தகுதி உண்டு என்று கருதுகிறேன்.

மீனவர் ஊர்களில் வாடகை வீட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஏரியில் வலை வீசுவோர் பெரும்பாலும் தம் முன்னோர் மனையிலேயே வாழ்கின்றனர் என்பது உண்மைதான். ஆனால், அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரும் ஆசிரியர், மருந்து கொடுக்க வரும் செவிலி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளி ஆகியோரெல்லாம் பிறர் வீட்டில் குடியிருப்பவர்களே. அவர்களை நினைத்தே இன்று பேசுகிறேன். எங்கே குடியிருப்போர்க்கும் இது பொருந்தும்.

முதலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2015-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். அப்பொழுது ஆரணியாற்றுக்கு அணித்தான ஓர் ஊரில் தலைமையாசிரியராக இருந்தேன். ஆந்திரப் பகுதியிலுள்ள பிச்சாட்டூர் அணை நிரம்பித் தண்ணீர் திறக்கப்பட்டால் அந்த ஆறு எங்கள் பக்கம் பெருகி வரும். பழவேற்காடு ஏரியில் கலந்து, அதன் வழியே கடலுக்குப் போகும். அவ்வாண்டு மழையும் ஆறும் ஒருசேர வந்தன. இரவு பத்து மணிக்கு வாசற்படியில் இருந்த தண்ணீர் விடியுமுன் இடுப்பளவாயிற்று. நானும் என் மனைவியும் பள்ளிக்கூடத்து மாடியில் போய்த் தங்கினோம். ஐந்தாம் நாள் திரும்பி வந்து கதவைத் தள்ளினால் கதவு திறக்கவில்லை. பீரோ சாய்ந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தது. அரிசிக் குதிர், மெத்தை, குளிர்பதனப் பெட்டி, என் மனைவியின் தையல் எந்திரம், இரண்டு அலமாரிப் புத்தகம் எல்லாம் சேற்றோடு சேறாய்க் கிடந்தன.

வீட்டுக்காரர் நல்லவர். வங்கியில் கடன் வாங்கி அந்த வீட்டைக் கட்டியிருந்தார். கடன் கொடுத்த வங்கி, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும்படி சொல்லியிருந்தது, அவரும் செய்திருந்தார். பத்து நாளில் கம்பெனியின் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவர் வந்தார். சுவரில் விழுந்த விரிசலை அளந்தார். பெயர்ந்த தரையைப் படம் பிடித்தார். நான் ஆவலோடு என் பீரோவையும் தையல் எந்திரத்தையும் காட்டினேன்.

“ஐயா, இவை யாருடையவை?” என்று கேட்டார்.

“என்னுடையவை” என்றேன்.

“பாலிசி யார் பெயரில் இருக்கிறது?”

“வீட்டுக்காரர் பெயரில்.”

அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னது நியாயம். முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு இந்தச் சிறு கணக்குத் தெரியாமற் போயிற்றே என்று என் மேல்தான் வருத்தம். வீடு காக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் இருந்தவன் காக்கப்படவில்லை.

நேயர்களே! இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவே. வீட்டுக்காரர் செய்யும் காப்பீடு அவருடைய சுவருக்கும் கூரைக்கும் உரியது. குடியிருப்பவருடைய உடைமைக்கு அது ஒரு காசும் தராது. தம் உடைமைக்குத் தாமே காப்பீடு செய்துகொள்வது குடியிருப்பவர் கடமை. அதற்கு வழியும் உண்டு.

‘என்னிடம் காப்பீடு செய்யும்படி என்ன பெரிய சொத்து இருக்கிறது?’ என்பதே முதலில் எழும் கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பில் கரும்பலகையில் போடுவதுபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எளிய குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டி 18,000 ரூபாய்; தொலைக்காட்சிப் பெட்டி 15,000; இரும்புப் பீரோ 12,000; கட்டிலும் மெத்தையும் 15,000; சலவை எந்திரம் 14,000; அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், பாத்திரம் எல்லாம் சேர்த்து 16,000; நாலு பேர் துணிமணி 30,000; மின்விசிறியும் தையல் எந்திரமும் 10,000. கூட்டினால் 1,30,000 ரூபாய் ஆகிறது. ஒன்றுமில்லை என்று சொன்ன வீட்டில் இவ்வளவு இருக்கிறது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தவை ஆகையால் அதன் மொத்தம் நமக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒரே இரவில் போனால்தான் தெரிகிறது.

‘அரசாங்கம் உதவாதா?’ என்பது அடுத்த கேள்வி. உதவும், உதவியும் இருக்கிறது. 2015 வெள்ளத்தின்போது குடிசை இழந்த குடும்பங்களுக்குப் பத்தாயிரம் ரூபாயும், வீட்டில் தண்ணீர் புகுந்த மற்றக் குடும்பங்களுக்கு ஐயாயிரம் ரூபாயும் தரப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் கடைகளின் வழியே ஆறாயிரம் ரூபாய் தந்தார்கள். அந்தத் தொகையைக் குறைத்துப் பேசுவது நன்றியன்று. பசித்த நாலு நாளில் அது அமுதம் போன்றது. ஆனால் நிவாரணம் என்பது பசியாற்றுவதற்கு. இழந்ததை ஈடு செய்வதற்கு அன்று. 1,30,000 ரூபாய் இழந்தவனுக்கு ஆறாயிரம் போக எஞ்சிய துண்டு விழுகிற தொகையைக் கந்துவட்டிக்காரரே நிரப்புகிறார். வெள்ளம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும், வட்டி வடிவதில்லை.

இந்தக் காப்பீடு என்னும் கருத்து நமக்கு அயலானதா? அன்று. பழவேற்காட்டு மீனவர் ஊர்களாகிய கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவற்றில் ‘பாடு’ என்று ஒரு முறை வழிவழியாக வந்திருக்கிறது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடமும் உண்டு. குறைவாகக் கிடைக்கும் இடமும் உண்டு. நல்ல இடத்தை வலியவன் ஒருவனே பிடித்துக்கொள்ளாதபடி, ஊரார் கூடி இடங்களை முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்று நல்ல பாடு பெற்றவன் வேறொரு நாள் மெலிந்த பாட்டுக்குப் போவான். அதிருஷ்டத்தையும் துரதிருஷ்டத்தையும் ஒருவன் தலையில் சுமத்தாமல் ஊர் முழுவதற்கும் பங்கிட்டு வைப்பதே அதன் உட்பொருள். காப்பீடும் அதுவே. ஆயிரம் பேர் சிறு தொகை போடுகிறார்கள். அவர்களுள் எவர் வீட்டில் வெள்ளம் புகுந்ததோ அவருக்கு அத்தொகுதியிலிருந்து ஈடு செய்யப்படுகிறது.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அதனைக் குடியிருப்பவர் கவனிக்க வேண்டும். பாட்டு உரிமை பிறப்பால் வருவது. அவ்வூர்க் குடியில் பிறந்தவர்க்கே அதில் இடம். வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அதில் பங்கில்லை. பங்கு கேட்கவும் முறையில்லை. ஊரில் துன்பம் வந்தால் ஊராருக்கு உறவு உண்டு, பங்காளி உண்டு, தாய்மாமன் உண்டு. வந்து குடியேறியவனுக்கு அவ்வளவு துணையில்லை. காப்பீடு என்பது வெளியூரானும் சேர்ந்துகொள்ளக் கூடிய ஒரு பாடு. நீ எந்த ஊர், எந்தக் குடி என்று அது கேட்பதில்லை. ஆகவேதான், சொந்த வீட்டுக்காரரைக் காட்டிலும் குடியிருப்பவருக்கே அது இன்றியமையாதது என்கிறேன்.

மேலை நாட்டிலும் இந்தப் பாடத்தைக் கற்கக் காலம் பிடித்தது. 1666-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் மாநகரில் நான்கு நாள் எரிந்த தீயில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அதன் பிறகு நிக்கலஸ் பார்பன் என்பவர் அங்கே தீக்காப்பீட்டைத் தொடங்கினார். தொடக்கத்தில் கட்டடங்களுக்குத்தான் காப்பு இருந்தது. வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கும் காப்புத் தரும் நிறுவனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றின. சுவரை நினைத்தவர்கள் சாமானை நினைக்க ஒரு தலைமுறை ஆயிற்று. நம் நாட்டில் இன்னும் பலர் அந்த முதற்படியிலேயே நிற்கிறோம்.

இனி வழியைச் சொல்லுகிறேன். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் 2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தீக்காப்பீடு நடத்தும் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் விற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. அதில் கட்டடத்துக்கு மட்டும் செய்யலாம். சாமான்களுக்கு மட்டும் செய்யலாம். இரண்டுக்கும் சேர்த்துச் செய்யலாம். குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். வீட்டுக்காரரின் அனுமதி இதற்கு வேண்டுவதில்லை. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் முதலியவற்றால் வரும் சேதத்துக்கு அது ஈடு தருகிறது. பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இதனை வழங்குகின்றன. வாசகம் ஒன்றே, கட்டணம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகையால் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சாதாரணக் குடும்பத்துச் சாமான்களுக்கு ஓராண்டுக் கட்டணம் ஒரு மாத வாடகையை எட்டுவது அரிது.

கணக்காசிரியன் ஆகையால் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்றை விளக்குகிறேன். பழைய வழக்கப்படி, இரண்டு இலட்சம் பெறுமான சாமானை ஒரு இலட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், பாதிக்குத்தானே செய்தாய் என்று சேதத்திலும் பாதியே தருவார்கள். நாற்பதாயிரம் சேதமென்றால் இருபதாயிரமே கிடைக்கும். இந்தப் பாலிசியில் அந்த விகிதக் குறைப்பு இல்லை. நீங்கள் எடுத்த தொகைக்குள் இருக்குமானால் நாற்பதாயிரமும் பெறலாம். விவரம் அறியாமல் குறைத்து எழுதிய ஏழைக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆயினும் குறைத்து எழுதுவது அறிவுடைமையன்று. முழுவதும் போனால் எழுதிய தொகைக்கு மேல் வராது.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொல்ல மாட்டேன். அதன் எல்லைகளையும் சொல்லாவிடில் நான் தரகனாவேனே யன்றி ஆசிரியனாகேன். நகையும் வெள்ளிப் பாத்திரமும் சாதாரணச் சாமான் கணக்கில் சேரா. அவற்றுக்குத் தனியே சேர்த்துக் கேட்க வேண்டும். களவு எல்லாவற்றுக்கும் ஈடு கிடையாது. வெள்ளம் போன்ற விபத்து நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் களவு போனால்தான் இந்தப் பாலிசியில் கிடைக்கும். நாள்பட்ட தேய்மானத்துக்கும், வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும் கிடையாது. எங்கள் ஏரிக்கரையினர் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது: வலையும் படகும் இயந்திரமும் தொழிற்கருவிகள். அவற்றைத் திண்ணையில் வைத்திருப்பதனாலேயே அவை வீட்டுச் சாமான் ஆகிவிடா. அவற்றுக்கு வேறு காப்பீடு கேட்க வேண்டும். ஓலை, கீற்று, தார்ப்பாய் வேய்ந்த வீடுகளைப் பாலிசி தனி வகையாகப் பிரித்துச் சொல்லுகிறது. அத்தகைய வீட்டில் இருப்பவர் விண்ணப்பத்தில் அதனை மறைக்காமல் எழுதி, நிறுவனம் ஏற்கிறதா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டு வீடு என்று பொய் எழுதிக் கட்டணம் கட்டுவது, பணத்தையும் இழந்து நம்பிக்கையையும் இழக்கும் வழி.

‘கம்பெனிக்காரர்கள் பணம் வாங்கும்போது சிரிப்பார்கள், கொடுக்கும்போது முகம் மாறுவார்கள்’ என்று சொல்வோர் உண்டு. அப்படி நேர்வதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதித் தகராறு, நம்மிடம் சான்று இல்லாமையால் வருகிறது. ஆதலின் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு பள்ளி நோட்டில் சாமான்களை வரிசையாக எழுதி, வாங்கிய ஆண்டையும் விலையையும் குறியுங்கள். கைபேசியால் ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பி வையுங்கள். நோட்டு நனையலாம், அந்தப் படம் நனையாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்தொப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் இன்ன வீட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று. வீடு மாறினால் புது முகவரியை நிறுவனத்துக்கு உடனே எழுதித் தெரிவியுங்கள். மாறுதல் ஆணை பெறும் ஆசிரியர்கள் இதனை மறக்கக் கூடாது.

சேதம் நேர்ந்தால் முதல் வேலை நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது. சர்வேயர் பார்க்குமுன் கெட்டுப்போன சாமானை வீசிவிடாதீர்கள். வீச வேண்டிய நிலை வந்தால் படமெடுத்த பின் வீசுங்கள். நியாயமின்றி மறுத்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீராவிட்டால், அல்லது அவர்கள் மறுமொழி நிறைவு தராவிட்டால், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே முறையிடக் கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் வங்கிக் கணக்கு உள்ள பலர் ஆண்டுக்கு இருபது ரூபாய் கட்டும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். மிக நல்லது. ஆயினும் அது ஆளுக்கான காப்பு. ஆள் பிழைத்துத் திரும்பி வந்தபின் அடுப்பு வைக்க என்ன செய்வது? 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோதும், 2015-இல் ஆறு வந்தபோதும், 2023-இல் மழை வந்தபோதும் பிழைத்தவர்களே மிகப் பலர். அவர்கள் கேட்ட கேள்வி அதுதான்.

பணம் எல்லாவற்றையும் மீட்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சேற்றில் போன என் புத்தகங்களில் ஒன்று, நான் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது என் ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்தது. அதற்கு எந்தச் சர்வேயரும் விலை போட முடியாது. ஆனால் என் மனைவியின் தையல் எந்திரத்துக்கு விலை உண்டு. அது போனபின் ஓராண்டுக் காலம் அவள் கைவேலையின்றி இருந்தாள். பிறகு தவணையில் ஒன்று வாங்கினோம். கடைசித் தவணை கட்டுமுன் நான் ஓய்வு பெற்றேன். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டியிருந்தால் அந்த ஓராண்டு அவளுக்கு மிஞ்சியிருக்கும். இன்று அந்த எந்திரம் சுண்ணாம்புக்குளத்து வீட்டில் சன்னலோரம் இருக்கிறது. என் நோட்டில் முதல் வரியில் அதன் பெயர்தான் எழுதியிருக்கிறது.

காலத்தைப் பற்றி ஒரு சொல். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. வாசலில் தண்ணீர் வந்தபின் பாலிசி எடுக்க முடியாது. ஆடியிலேயோ ஆவணியிலேயோ, வானம் வெளுத்து ஏரி அமைதியாக இருக்கும் நாளில், இந்தக் காரியத்தைச் செய்துவிடுங்கள். அந்த நாளில் அது வேண்டாத செலவாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

இன்று மாலை வீட்டில் விளக்கேற்றியபின் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் வீட்டிலிருக்கும் சாமான்களை எழுதத் தொடங்குங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கணக்கை அவர்கள் போடட்டும். கடைசியில் வரும் தொகையைப் பார்த்துவிட்டு, இந்தக் கிழ ஆசிரியன் சொன்னது சரியா தவறா என்று நீங்களே தீர்மானியுங்கள்.